காலால் அனுப்பிய வசனம்

கே: தினமும் காலையில் வேதவசனம் வாட்ஸ்அப்பில் வருகிறது. பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறேன். விசுவாச வாழ்க்கைக்கு அது போதுமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

ப: விரல் தன் ஊழியத்தை முடித்துவிட்டது, சகோதரி, கால்தான் இன்னும் கிளம்பவில்லை! ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் 1728-இல் சின்சென்டார்ஃப் பிரபு நாளுக்கொரு வசனம் கொடுக்க ஆரம்பித்தார். அதை வீடு வீடாக நடந்துபோய்ச் சொன்னார்கள். வாசலில் நிற்கிறவருக்கு உள்ளே யாருக்குக் காய்ச்சல், யாருக்கு மனக்கஷ்டம் என்பதும் தெரிந்துவிடுமே! 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாகவும் வருகிறது. ஆனாலும் என் மனசு அந்த நடையில்தான் நிற்கிறது. உங்கள் பத்துப் பேரில் ஒருவர் வீட்டுக்காவது இன்று போய்வாருங்கள். பேச்சு நின்றுபோன மதினி யாராவது இருந்தால், முதலில் அந்த வீடு.