பத்து ரூபாய்ப் பாதுகாப்பு

துபாயில் எனக்கு டாக்குமென்ட் கன்ட்ரோலர் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு கட்டுமான நிறுவனத்தின் காகிதங்களை அலுங்காமல் குலுங்காமல் வைத்துக்கொள்ளும் உத்தியோகம். அதற்கான ஒர்க் பெர்மிட்டுக்கு என் சொந்தக் காகிதம் ஒன்றைக் கொடுக்க முடியாமல், போன திங்கட்கிழமையிலிருந்து வீட்டில் யாருடனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வெளிநாடு போகிறவர்களுக்கு உதவட்டுமே என்று சில விஷயங்கள் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

சான்றொப்பத்துக்குப் போன இடத்தில் கவுன்ட்டரில் இருந்தவர் என் டிகிரி சான்றிதழைப் படிக்கவே இல்லை. நகத்தால் தட்டினார். டக் டக் என்றது. "லேமினேட் பண்ணிட்டீங்களே சார். சீல் எங்க குத்துறது?"

அமீரகத்துக்கு எத்தனை சீல் என்று நினைக்கிறீர்கள்? பல்கலைக்கழகக் கையெழுத்து நிஜம்தான் என்று மாநில உயர்கல்வித் துறை குத்தும். உயர்கல்வித் துறை நிஜம்தான் என்று வெளியுறவு அமைச்சகம். வெளியுறவு நிஜம்தான் என்று தூதரகம். தூதரகம் நிஜம்தான் என்று அங்கே அவர்களுடைய வெளியுறவு அமைச்சகம். நான் நிஜமாகப் படித்தேனா என்று யாரும் கேட்பதில்லை, அந்த மட்டில் சந்தோஷம். ஓமன், பஹ்ரைன் என்றால் அப்போஸ்டில் ஸ்டிக்கர் ஒட்டியதும் தூதரகப் படி ஏற வேண்டாம். எனக்கு வாய்த்தது துபாய். நம் வெளியுறவு அமைச்சகம் இந்தச் சான்றொப்பத்துக்குக் கட்டணமே வாங்குவதில்லை. ஆனால் 2012-லிருந்து நம் கையிலிருந்து நேரடியாகக் காகிதமும் வாங்குவதில்லை, ஏஜென்சி வழியாகத்தான். அந்த இலவசத்துக்கு ஏஜென்ட் சொன்ன தொகையை இங்கே எழுதினால் அப்பா படித்துவிடுவார்.

அப்பாதான் லேமினேட் செய்தவர். பட்டமளிப்பு விழா முடிந்து நான் அங்கியைக் கழற்றுவதற்குள் ஜெராக்ஸ் கடையில் நின்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, உங்கள் வீட்டு பீரோவையும் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் லேமினேஷன். ஜாதகம் லேமினேஷன். பட்டாவின் ஜெராக்ஸ் லேமினேஷன், ஒரிஜினல் மட்டும் மஞ்சள் பையில் கரப்பானோடு. அரசாங்கமே லேமினேட் செய்து கொடுத்த வாக்காளர் அட்டைக்கு மேலே இன்னொரு லேமினேஷன், அரசாங்கத்தை எப்படி நம்புவது? ஊருக்குப் போகும் பஸ் நேர அட்டவணை லேமினேஷன். அந்த பஸ் நின்று பதினோரு வருஷமாகிறது, அட்டவணை இன்னும் புத்தம் புதிதாக இருக்கிறது. சர்க்கரை அளவு எகிறிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக்கூட விடவில்லை. நோய் போய்விட்டாலும் ரிப்போர்ட் போகக்கூடாது. பாஸ்போர்ட் தப்பியது அந்தக் கடை மெஷினில் புத்தகம் நுழையாததால்தான்.

சான்றிதழ் தொலைந்திருந்தால்கூட வழி உண்டு. போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதி வாங்கி, டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பிக்கலாம். என்னுடையது தொலையவில்லை. இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, தொட முடியாது. கருவறைச் சாமி மாதிரி.

உரிப்பதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். துணி போட்டு அயர்ன் பாக்ஸால் தேய், ஃப்ரீசரில் வை, ஹேர் டிரையர் பிடி. அயர்ன் பாக்ஸில் ஆரம்பித்தேன். ஓரம் சுருண்டு, "முதல் வகுப்பு" என்பதில் "முத" பிளாஸ்டிக்கோடு கிளம்பப் பார்த்தது. நிறுத்திவிட்டு அதே ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அதே ஆள்தான், தலை மட்டும் நரைத்திருந்தது. முக்கால் மணி நேரம் அங்குலம் அங்குலமாக உரித்துக் கொடுத்தார். முந்நூறு ரூபாய். "போடுறப்ப பத்து ரூபாதானேண்ணே வாங்குனீங்க?" என்றேன். "போடுறது மெஷின் தம்பி, எடுக்கிறது நான்" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

சான்றிதழ் இப்போது ஏஜென்டிடம் இருக்கிறது. நேற்று ஃபோன் செய்து, பின்னாளில் மனைவிக்கு விசா எடுக்கக் கல்யாணச் சான்றிதழும் இதே மாதிரி சீல்களோடு வேண்டும், இப்போதே கொடுத்துவிடுங்கள் என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். நாலு நாளைக்குப் பிறகு நானாக முகம் பார்த்ததில் மனுஷருக்கு ஏக உற்சாகம். பீரோவைத் திறந்து எடுத்து வந்தார்.

"இதுக்கு மட்டும் ரெண்டு கோட்டிங் போடச் சொல்லிட்டேன்டா."