பேராண்டியின் சட்டியில் டெக்சாஸ்

வாடா பேராண்டி, உட்காரு. ஈப்போவுல பத்தாவது மாடியில வீடு, அதுல நாலு அடுப்பு, ஒண்ணுகூட இன்னும் கரி புடிக்கல. அந்த அடுப்புல சில்லி கான் கார்னே பண்ணப் போறேன்னு ஒரு வாரமா குடும்ப வாட்சப்பைக் கொதிக்க வச்சிருக்கே. பேரைக் கேட்டு நானும் மிரண்டுதான் போனேன். அர்த்தம் கேட்டா, கறி போட்ட மிளகாயாம். இதைத்தானேடா உன் பூட்டி சம்பளம் போட்ட ஞாயித்துக்கிழமையில, லயத்துப் பின்கட்டுல காஞ்ச கித்தா விறகை மூட்டி வச்சுக் கிண்டிக்கிட்டு இருந்தா? அவளுக்கு அதை ஸ்பானிஷ்ல சொல்லத் தெரியல, அவ்வளவுதான் குறை.

இருந்தாலும் சீமைச் சமையல்னு நீ பெருமையடிக்கிறதுல நியாயம் உண்டு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துகீசியன் கப்பல்ல வந்து இறங்குற வரைக்கும் நம்ம ஆளுங்களுக்கு உறைப்புன்னா மிளகுதான். ராஜ்மாவும் அந்தப் பக்கம், தக்காளியும் அந்தப் பக்கம். ஏன், நம்ம மூணு தலைமுறைக்குச் சோறு போட்ட கித்தா மரமே, அதான் ரப்பர் மரமே, பிரேசில் காட்டு மரம்தான். கோலகங்சார்ல 1877ல நட்டதுல ஒண்ணு இன்னும் நிக்குது, அந்தப் பக்கம் போனா ஒரு கும்பிடு போட்டுட்டு வா. டெக்சாஸ்காரன் சில்லியைத் தன் மாநிலத்து உணவுன்னு தீர்மானம் போட்டது 1977ல. சரியா நூறு வருஷம். இங்க தோட்டத்துல கித்தாவைச் சாய்ச்சுச் செம்பனை நட்டுக்கிட்டு இருந்தப்ப, அங்க அவன் சட்டிக்குப் பட்டா வாங்கியிருக்கான்.

அதே டெக்சாஸ்ல டெர்லிங்குவான்னு ஒரு பாலைவனத்து ஊரு. 1967லேருந்து சில்லிப் போட்டி நடக்குது. சட்டியில பயறு கிடந்தா அங்க சேத்துக்க மாட்டான். நீ பயறு போடு, பரவாயில்ல. உன்னைப் போட்டிக்கு யாரு கூப்பிட்டா?

ஆனா அந்தப் பயறு விஷயத்துல உன் திறமையை நான் மறக்கல. போன தீபாவளிக்கு ராஜ்மாவை ஊறப் போடாம, அந்த மெதுவா வேகுற மின்சாரச் சட்டியில கொட்டி, இளஞ்சூட்டுல ராத்திரி முழுக்க விட்டியே! மறுநாள் தின்ன கொஞ்ச நேரத்துல குடும்பமே கக்கூஸ் வாசல்ல வரிசை கட்டுனோம். தோட்டத்துல கிராணி பேரு கூப்பிடுற பெரட்டுல கூட நாங்க அவ்வளவு ஒழுங்கா நின்னதில்ல. பச்சை ராஜ்மாவுல ஒரு நஞ்சு இருக்குடா. தளதளன்னு கொதிச்சாத்தான் அது சாகும், அரைகுறைச் சூட்டுல வச்சா இன்னும் வீரியமாகும். முதல் நாள் ராத்திரியே ஊறப் போடு. ஊறுன தண்ணியைக் கீழ கொட்டு. புதுத் தண்ணி ஊத்தி அரை மணி நேரம் நல்லாக் கொதிக்க விட்டு, அப்புறம் மெத்துன்னு வேக வை. சந்தேகம் இருந்தா புந்தோங்ல கச்சான் பூத்தே விக்கிறவங்களைக் கேளு. பயறு, கடலையிலேயே பொழப்பு நடத்துற ஜனம்.

முடியலன்னா டின் பயறு வாங்கு, அது வெந்தே வருது. உனக்கு டின்னுன்னா அலட்சியம். எமர்ஜென்சி காலத்துல கடைக்காரன் டின்னை ஓட்டை போட்டுத்தான் கையில கொடுப்பான், காட்டுக்குள்ள இருக்கிற கம்யூனிஸ்ட்காரனுக்குப் போயிடக் கூடாதுன்னு சர்க்காரு உத்தரவு. அன்னைக்கு வாங்குனதை அன்னைக்கே தின்னாகணும். உன் ஐஸ் பெட்டியில மூணு வருஷத்து டின்னு தூங்குது.

கறிக்கு வருவோம். கொத்துக்கறி வேணாம், கால்கறியா ஒரு கிலோ வாங்கி, கட்டை விரல் மொத்தத்துக்கு வெட்டு. ஜவ்வைக் கழிச்சுப் போட்டுடாதே, அதுதான் மெல்ல உருகிக் குழம்புக்குப் பசை கொடுக்கும். கொஞ்சம் கொஞ்சமா எண்ணெயில செவக்க வறுத்து எடு. மொத்தமாக் கொட்டுனா தண்ணி விட்டு அவிஞ்சு போகும். அதே எண்ணெயில வெங்காயம், பூண்டு, சீரகம், அப்புறம் ஊற வச்சு அரைச்ச காஞ்ச மிளகாய். எண்ணெய் பிரியுற வரைக்கும் கையை எடுக்காதே. அதுக்கு மேலதான் கறி, தக்காளி, தண்ணி. சின்னத் தீயில ரெண்டரை மணி நேரம். பயறு கடைசி அரை மணியில போனா போதும். வேகாத பயறைத் தக்காளிப் புளிப்புல போட்டியோ, அது அடுத்த தீபாவளிக்குத்தான் வேகும்.

வீடியோவுல கொக்கோ போடச் சொன்னான்னு மைலோ டின்னைக் கையில எடுத்தியாமே? கீழ வைடா. உறைப்பு ஏறிப் போச்சுன்னா தண்ணி குடிச்சுப் புண்ணியமில்ல, மிளகாய்க் காரம் தண்ணியில கரையாது. தயிரைக் குடி.

மாடா, ஆடான்னு என்னைக் கேக்காதே. நம்ம வீட்டு அடுப்புல ஆடு ஏறும், காட்டுப்பன்னி ஏறும், மாடு ஏறுனதில்ல. பாசார்ல மாட்டுக்கறின்னு ஐஸ் கட்டியா விக்கிறதுல நிறைய இந்தியாவுலேருந்து வர்ற எருமைதான்னு மட்டும் தெரிஞ்சுக்க. என் அப்பா ரஜூலா கப்பல்ல டெக்குல சுருண்டு படுத்துப் பினாங்குல வந்து எறங்குனாரு. எருமை குளிர்ப் பெட்டியில சொகுசா வந்து எறங்குது.

உன் வீட்டுச் சட்டியில நீ எதைப் போட்டாலும் உன் இஷ்டம். பாட்டி அடுப்புப் பக்கம் மட்டும் அதைக் கொண்டு வந்துடாதே. ஒரு மங்குல ஊத்தி, மூடி, வாசல்ல செருப்புப் பலகைக்கு மேல வச்சுட்டு ஹாரன் அடி. கோழி கூட்டுல அடைஞ்சிருச்சான்னு பாக்க நான் வெளிய வருவேன்.