பருவுக்கு மூலிகை ஜெல்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: வேப்பிலையை அரைத்துப் பூசினால் போதாதா? அதற்கு ஒரு ஜெல், ஒரு டியூப், ஒரு விலையா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: அரைத்த விழுது அரை மணி நேரத்தில் காய்ந்து தலையணையில் உதிரும். இலையின் சத்தும் மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். அளந்த சாற்றைத் தோலில் தங்கவைப்பதுதான் ஜெல்லின் வேலை. பரு வந்த முகத்தில் எண்ணெய் ஏற்கெனவே வழிவதால்தான் களிம்பை விட்டு ஜெல்லுக்கு வருகிறார்கள்.

கேள்வி: கல்லூரி ப்ராஜெக்டுக்கு வேம்பு, துளசி, மஞ்சள், கற்றாழை, அதிமதுரம் ஐந்தையும் சேர்த்து ஜெல் செய்யப் போகிறேன். ஆசி வேண்டும்! – பி.பார்ம் மாணவர், மதுரை

பதில்: ஒரு மூலிகைக்கு ஆசி உண்டு, ஐந்துக்கு இல்லை. பரு குறைந்தால் யாருக்கு மாலை போடுவீர்கள்? தடித்துப்போனால் யாரைப் பிடிப்பீர்கள்?

ஜெல்லைக் கட்டும் பொருளான கார்போபாலைத் தண்ணீரில் கட்டி விழாமல் தூவி ஊறவிடுங்கள். டிரைஎத்தனாலமைன் என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், வடிகஞ்சி போல் ஓடிக்கொண்டிருந்தது கண்ணெதிரே இறுகும். பி.எச். 6-க்குப் பக்கத்தில் வந்ததும் கையை நிறுத்துங்கள்; தோல் இயல்பிலேயே லேசான அமிலம். கார்போபாலுக்கு உப்பு ஆகாது. கற்றாழைச் சாற்றிலுள்ள தாது உப்புகளே ஜெல்லைத் தளர்த்திவிடும்.

இன்னொன்று. பெட்ரித் தட்டில் கிருமி வளராத வளையத்தை அளந்ததோடு 'பரு மருந்து கண்டேன்' என்று எழுதிவிடாதீர்கள். பருக் கிருமியான க்யூட்டிபாக்டீரியம் ஆக்னீஸ் மயிர்க்காலின் ஆழத்தில், காற்றுப் புகாத இடத்தில் குடியிருக்கிறது. மருந்து அதுவரை இறங்கியாக வேண்டும்.

கேள்வி: ஒரு மூலிகையாவது பரீட்சையில் தேறியிருக்கிறதா? – வாசகர், சேலம்

பதில்: டீ ட்ரீ எண்ணெய் தேறியிருக்கிறது. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5% டீ ட்ரீ ஜெல்லையும் பருவுக்கு வழக்கமாகத் தரும் 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலுமே பரு குறைந்தது. மூலிகை மெதுவாக வேலை செய்தது. பக்கவிளைவு அதில் குறைவு. அதற்காக எண்ணெயை அப்படியே முகத்தில் தேய்க்காதீர்கள். காற்றுப்பட்டுப் பழசான எண்ணெய் ஒவ்வாமையைக் கிளப்பும்.

கேள்வி: 'பிரிசர்வேட்டிவ் இல்லாத சுத்த மூலிகை ஜெல்' வாங்கலாமா? – வாசகி, ஈரோடு

பதில்: தண்ணீரும் தாவரச் சாறும் இருந்தால் பூஞ்சைக்கு விருந்துதான். வேண்டாம்.

கேள்வி: மூன்றே நாளில் முகத்தை மினுக்கிய 'மூலிகை' க்ரீம், நிறுத்தியதும் பருவாகக் கொட்டுகிறது. ஏன்? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பது என் முதல் சந்தேகம். பருவுக்கு எந்த நல்ல மருந்தும் வாரக்கணக்கில்தான் பலன் தரும். டியூபில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள், அம்மா. வலிக்கிற கட்டிப் பருவைத் தள்ளிப்போட்டால் தழும்பு தங்கிவிடும்.