பெட்டியில் பூட்டினால் பூஞ்சை: ஜொகூர் சேகரிப்பியல் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழைய ராக் இசைத்தட்டுகளையும் சூப்பர்ஹீரோ சித்திரக்கதைகளையும் சேர்த்து வைப்போருக்கு முதல் விதி, ‘தொடாதே’ என்பது. அவ்விதி ஜொகூர் மாநில எல்லைக்குள் செல்லாது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம்: தம்போய் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பின்னறை. ஆய்வு நிதி: இல்லத்தரசியாருக்குத் தெரியாமல் ஒதுக்கப்பட்டது. முக்கியச் சொற்கள்: பூஞ்சை, ராமபாணம், நீள்முடி, இரும்புக்கை, பேப்பர் லாமா.

1. பொருள் ஒன்றா, இரண்டா?

ராக் கேசட்டையும் காமிக்ஸ் புத்தகத்தையும் ஒரே அலமாரியில் வைப்பது முறையோ எனின், முறையே. என்னை? இரண்டும் ஓரினம் ஆதலின். சான்று வருமாறு.

1968-இல் வந்த பிங்க் ஃபிளாய்டின் ‘எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ அட்டையை உற்று நோக்கின், மார்வெலின் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் கதைப்படம் ஒன்று மங்கலாகக் கிடப்பது புலப்படும். 1975-இல் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு, மேக்னீட்டோ, டைட்டேனியம் மேன் என்னும் மார்வெல் வில்லன்களுக்கென்றே ஒரு பாட்டு ஒதுக்கியது. (கோலாலம்பூர் விங்ஸ் வேறு, மயங்கற்க.) 1977-இல் மார்வெல், கிஸ் குழுவை நாயகர்களாக வைத்து ஒரு சித்திரக்கதை இதழ் வெளியிட்டபோது, குழுவினர் நால்வரும் தம் குருதியை எடுப்பித்து, நியூயார்க் மாநிலத்து மை ஆலையொன்றில் சிவப்பு மையோடு கலந்தனர். ராக்குக்கும் காமிக்ஸுக்கும் இரத்த உறவு உண்டு என்பதற்கு இதனினும் வலிய சான்று கேட்போர் ஆய்வுலகுக்குத் தகார்.

2. ஜொகூரின் தனி உரிமை

இவ்வினம் இரண்டும் செழிக்க ஜொகூர் மண்ணே ஏற்றது என்பதும் எளிதில் நிறுவத்தக்கது.

மலேசிய ராக்கின் பெருங்குழுவான செர்ச், 1981-இல் ஜொகூர் பாருவில் தோன்றியது. 1989-இல் வந்த அதன் ‘ஃபெனோமெனா’ தொகுப்பிலிருந்த ‘இசபெல்லா’ பாட்டு, கடல் கடந்து இந்தோனேசியாவையும் உருக வைத்தது. சூப்பர்ஹீரோ பக்கம் வந்தால், 1998-இல் ஆர்டிஎம் தொலைக்காட்சியில் தோன்றிய கெளுவாங் மேன் இருக்கிறார். அமெரிக்க வௌவால் மனிதருக்கு மாளிகை உண்டு, பணியாள் உண்டு, நிலவறையில் கார் உண்டு. நம் வௌவால் மனிதரோ தம்போய் மனநல மருத்துவமனையில் நோயாளி. இரவில் நழுவி வெளியே வந்து குற்றவாளிகளைப் பிடித்துவிட்டு, விடியுமுன் படுக்கைக்குத் திரும்புபவர். ஆய்வறையிலிருந்து அம்மருத்துவமனை அதிகத் தொலைவில் இல்லை என்பதை ஆய்வாளரின் உறவினர்கள் அடிக்கடி நினைவூட்டுகின்றனர்.

இனி, நாயகனுக்கு முகமூடி எதுவோ பாடகனுக்கு முடி அது. இதை முதலில் உணர்ந்தவை அரசாங்கங்களே. 1972-இல் லெட் செப்பலின் குழு பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூரில் பாட வந்தபோது, நீள்முடியோடு நாட்டுக்குள் நுழைய விடவில்லை, கச்சேரி நடக்கவில்லை. 1992-இல் மலேசியாவும் நீள்முடிப் பாடகர்களுக்கு ஆர்டிஎம்மின் கதவை அடைத்தது. முடிவில் செர்ச்சின் ஏமியும் கோலாலம்பூர் விங்ஸின் அவியும் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் முன்னிலையில் முடி வெட்டிக்கொண்டனர். முகமூடி கழற்றப்படும் காட்சி எந்தச் சித்திரக்கதையிலும் கடைசிப் பக்கத்தில்தான் வரும் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

3. தமிழ்ச் சான்று: இரும்புக்கை மாயாவி

தமிழ்ச் சேகரிப்பாளரின் அலமாரியில் நடுத்தட்டு யாருக்கு என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டேல், 1972-இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் முதல் இதழில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆனார். உடலில் மின்சாரம் பாய்ந்தால் போதும், ஆள் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும்.

இத்தகைய இதழ்கள் ஊருக்குப் போய்வந்தோர் பெட்டிகளில் புளிக்கும் அப்பளத்துக்கும் நடுவே பயணம் செய்து இங்கு வந்தன. வந்தபின் அவற்றுக்கு நேர்ந்ததே இவ்வாய்வின் மையம்.

4. அழிவியல்

காகிதம் நெடுநாள் வாழ, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 50 விழுக்காடு இருக்கவேண்டும் என்பர் காப்பகத்தார். 70-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஜொகூர் பாருவின் சராசரி 80-க்கும் மேல். மலிவான செய்தித்தாள் காகிதத்தில் மரத்தின் லிக்னின் நீங்காமல் இருப்பதால், ஒளியும் காற்றும் பட்டு அது பழுக்கிறது. பசையையும் மாவுப்பொருளையும் தேடி ராமபாணப் பூச்சி வருகிறது. ராமபாணம் இருளையும் ஈரத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக யாரும் தொந்தரவு செய்யாத அமைதியையும் விரும்புவது.

‘தொடாதே’ விதி இங்குதான் தடுமாறுகிறது. பத்து பஹாட் நண்பர் ஒருவர் தம் முத்து காமிக்ஸ் இதழ்களை மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஒட்டி, இரும்புப் பெட்டியில் பூட்டினார். உறை வெளி ஈரத்தைத் தடுத்தது உண்மை. உள்ளே சிக்கிய ஈரத்தையும் வெளியே விடாமல் தடுத்தது. ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது காகிதம் பொடியாகியிருந்தது. எஞ்சியவை துருப்பிடித்த இரண்டு பின்கள். உடல் மறைய இரும்பு மட்டும் தெரிந்த அக்கோலத்தில், மாயாவி கதைக்கு இத்துணை உண்மையாக நடந்துகொண்ட பிரதி உலகில் வேறில்லை.

அதே நண்பர் தம் அக்காள் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்து, பல கை மாறி, மாங்காய்க் கறையோடு திரும்பிய இதழ்கள் இன்றும் வாசிக்கும் நிலையில் உள்ளன. புரட்டுவதால் பக்கங்களுக்குக் காற்றுக் கிடைத்தது. ராமபாணத்துக்கு நிம்மதி கெட்டது.

இசைக்கும் இது பொருந்தும். சுற்றி வைத்தபடியே கிடக்கும் ஒலிநாடாவின் அடுக்குகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டும். அவ்வப்போது ஓடவிட்ட நாடா தப்பும். கடையில் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பிரிக்காமலே வைத்த எல்பி தட்டை, அப்பிளாஸ்டிக்கே வெப்பத்தில் இறுகி வளைத்துவிடும்.

5. தரவரிசை

2000 முதல் அமெரிக்காவில் சிஜிசி நிறுவனம் காமிக்ஸ்களைப் பத்துக்கு மதிப்பெண் இட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துத் தருகிறது. பேழையைத் திறந்தால் மதிப்பெண் போயிற்று. ஆகவே அதை வாங்குவோர் வாசிக்க முடியாத புத்தகத்தையே வாங்குகின்றனர். ஜொகூருக்கு ஏற்ற மாற்று அளவுகோல் ஒன்றை இவ்வாய்வு முன்வைக்கிறது:

உத்தமம்: தும்மாமல் திறக்கலாம்.
மத்திமம்: ஒரு தும்மல்.
அதமம்: முதற்பக்கம் முடிவதற்குள் தொடர் தும்மல்.
இரும்புக்கை நிலை: பின் மட்டும்.

6. தடைகளும் விடைகளும்

‘புழங்கினால் தேயாதோ?’ எனின், தேயும். ஊசி தட்டின் பள்ளத்தை உராயும். விரல் பக்கத்தின் மூலையை மடக்கும். ஆனால் தேய்மானத்தால் ஒருவருக்கு ஒரு பாட்டோ கதையோ கிடைக்கிறது. பூஞ்சையால் பூஞ்சைக்கு மட்டுமே ஆதாயம். இரண்டு இழப்புகளுள் எது மேல் என்பது வெளிப்படை.

‘விற்கும்போது விலை குறையுமே?’ எனின், விற்க வைத்திருப்போர் வணிகர். அவரைப் பற்றி வேறொரு துறை ஆராய்க.

‘மொத்தமாக, பழைய காகிதத்தை எடைக்கு வாங்கும் பேப்பர் லாமாவுக்குப் போட்டால் என்ன?’ எனின், இவ்வினா ஆய்வறைக்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் ஒலிபெருக்கி லாரி தெருவில் நுழையும் ஞாயிறு காலைகளில் எழுவது. ஈரம் ஊறிய காகிதம் எடை கூடுதலாக நிற்கும் என்பதால், ஜொகூரின் வானிலை சேகரிப்பின் மதிப்பை உயர்த்தும் ஒரே சந்தர்ப்பம் இதுவே. இதற்கு ஆய்வாளரிடம் விடை இல்லை. லாரி தெருமுனை தாண்டும்வரை மௌனம் காப்பதே மரபு.

7. முடிவும் அதன் விளைவும்

ஆகவே: இசைத்தட்டைச் சுழலவிடுக, கேசட்டை ஓடவிடுக, மாயாவியைப் பிள்ளைகள் கையில் கொடுக்க. இந்நிலத்தில் புழக்கமே பாதுகாப்பு, புழங்காதது கெடும்.

இக்கட்டுரையின் கைப்படியைப் பரிசீலித்த இல்லத்துப் புறத்தேர்வாளர், மேற்படி முடிவை முழுமனதோடு ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல், அக்கொள்கையைப் பொருளிலிருந்து இடத்துக்கும் நீட்டித்துள்ளார். பூட்டிக் கிடக்கும் பின்னறையும் புழங்காத பொருளே என்றும், அது கெடாமல் இருக்க வாஷிங் மெஷினை அங்கே மாற்றுவதே வழி என்றும் அவர் தரும் வாதத்தில் இதுவரை தருக்கப் பிழை எதுவும் காண முடியவில்லை.