டர்போ அண்ணன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்த நகருக்குள் நுழைந்தாலும் ஒரு டர்போ அண்ணனாவது அகப்படுவார். அடையாளம் சுலபம். போன வருஷம் லோன் போட்டு வாங்கிய கார் வாசலில் வெயிலில் காயும். ஷெட்டுக்குள்ளே, நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு இன்னொன்று நிழலில் தூங்கும். வந்த விருந்தாளிக்கு வீட்டுக்காரம்மா தண்ணீர் கொண்டுவருவதற்குள் அண்ணன் தார்ப்பாயைத் தூக்கிவிடுவார்.

எங்கள் தெரு அண்ணனிடம் இருப்பது டாடா சியரா டர்போ. 1991-ல் வந்த வண்டி சியரா. பக்கத்துக்கு ஒரு கதவுதான். பின்சீட்டுக்காரருக்குக் கூரை வரை வளைந்து ஏறும் கண்ணாடி. அதைத் திறக்கவும் முடியாது. மீன்தொட்டிக்குள் உட்கார்ந்து ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும். டர்போ எஞ்சின் சில வருஷம் கழித்துத்தான் அதில் ஏறியது. அண்ணனின் மாமனார் ஓட்டிய வண்டி. அவர் காலமான பிறகு பதினோரு வருஷம் யாரும் சாவி போடவில்லை. "சீதனமாண்ணே?" என்று கேட்டால் முகம் சுருங்கும். "கஸ்டடி" என்பார்.

அண்ணன் ஒரு கார் கம்பெனியில் குவாலிட்டி. இந்தப் பக்கம் வண்டிக்கா பஞ்சம்? இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோவோடு ஆரம்பித்த ஹூண்டாய், ஒரகடத்தில் 2010-ல் வந்த ரெனோ-நிசான், 2012 முதல் பாரத்பென்ஸ் லாரி, கூடவே என்ஃபீல்டு புல்லட். லைன் அரை நிமிஷம் நின்றால் அண்ணனுக்கு நெற்றி வியர்க்கும். வீட்டு லைனில் ஒரே ஒரு வண்டி, மூன்று வருஷமாக நின்றது. அதற்கு வியர்த்து நான் பார்த்ததில்லை.

"எப்பண்ணே ரோட்டுக்கு வரும்?"

"அடுத்த மாசம்."

எந்த மாசத்துக்கு அடுத்தது என்று கேட்டால் ஸ்பானரைத் தேடக் குனிந்துவிடுவார்.

ஷெட்டிலும் கம்பெனி மாதிரியே ஃபைவ்-எஸ் ஒழுங்கு நடக்கிறது. தரையில் மஞ்சள் கோடு, சுவரில் ஸ்பானர் வடிவத்துக்கு நிழல் வரைந்த பலகை, தேவையில்லாத பொருளுக்குச் சிவப்பு அட்டை. ஒருநாள் அண்ணியின் ஊறுகாய் ஜாடியில் சிவப்பு அட்டை தொங்கியது. அன்று சாயங்காலம் அதே அட்டை சியராவின் கண்ணாடியில் தொங்கியது. அதற்கப்புறம் அண்ணன் அட்டை கட்டுவதில்லை.

சனிக்கிழமை என்றால் புதுப்பேட்டையின் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். சூதுவாது தெரியாத மனிதர், ஆனால் அங்கே மட்டும் ஒரு தந்திரம் உண்டு. சியரா என்ற பெயரையே எடுக்க மாட்டார், எடுத்தால் விலை இரண்டு மடங்கு. டாடா மொபைல் பிக்கப்பிலிருந்து பிறந்ததுதான் சியரா என்பதால், "பாய், டாடா மொபைலுக்கு வீல் சிலிண்டர் இருக்கா?" என்று சரக்கு வண்டிக்காரர் குரலில் கேட்பார். அந்த வளைந்த கண்ணாடி மட்டும் எந்தக் கடையிலும் இல்லை. எங்கள் தெருப் பையன்கள் கிரிக்கெட்டை விட்டுக் கேரம்போர்டுக்கு மாறியது அதனால்தான்.

டர்போவுக்கு உயிர் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் இருந்தேன். சைலன்சருக்குப் போகிற புகை ஒரு குட்டி விசிறியைச் சுற்றும்; அதே தண்டின் மறுமுனையிலிருக்கும் விசிறி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். சுற்று நிமிஷத்துக்கு லட்சத்தைத் தாண்டும். அந்தத் தண்டைத் தாங்குவது முடியளவு ஆயில் படலம்தான். பதினோரு வருஷம் காய்ந்து கிடந்ததை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் பண்ணினால் பேரிங் போய்விடும். அதனால் டீசலை நிறுத்திவிட்டு வெறும் செல்ஃப் மட்டும் அடிக்க வேண்டும். சாவியில் மகன், டார்ச்சோடு அண்ணி. டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாயைக் கழற்றி, அதன் அடியில் எவர்சில்வர் டம்ளரோடு அண்ணன்.

பத்து செகண்ட் செல்ஃப். ஒன்றுமில்லை. பேட்டரிக்கு ஓய்வு. மறுபடி பத்து செகண்ட். நாலாவது தடவை, குழாயின் வாயில் கறுப்பாக ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, டம்ளரில் விழுந்தது. "வந்துருச்சு!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் குழந்தை பிறந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, அது என் காபி டம்ளர்" என்றார் அண்ணி.

பேப்பர் வேலை தனிக்கதை. பதினைந்து வருஷம் ஆனால் எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐம்பது வருஷம் ஆகிவிட்டால் 2021 விதிப்படி விண்டேஜ், நம்பர் பிளேட்டே தனி மரியாதை. நடுவில் மாட்டிய சியராவுக்கு, இருபது வருஷம் தாண்டிய குற்றத்துக்காக, 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி பத்தாயிரம் ரூபாய். "சின்னப் பிள்ளைன்னு கொஞ்சவும் மாட்டாங்க, பெரியவர்னு எழுந்து நிக்கவும் மாட்டாங்க. நம்ம வயசுடா" என்றார் அண்ணன்.

அந்த நவம்பரில் டாடா அதே பெயரில் புது சியராவை இறக்கியது. ஷோரூமுக்குப் போய் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "கதவு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஒருவழியாகப் போன மாதம் வண்டி ரோட்டுக்கு வந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், வல்லக்கோட்டை முருகனுக்கு முதல் ஓட்டம். பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனது. டர்போ விசில் கேட்க வேண்டும் என்பதற்காக ஃபேனை நிறுத்தினார், எங்களைப் பேசவும் விடவில்லை. அறுபதைத் தாண்டியதும் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்டது. விசில்தான் என்றார் அண்ணன். எனக்குக் குக்கர் ஞாபகம் வந்தது.

கோயில் வாசலில் எஞ்சினை அணைக்கவில்லை. டர்போ சூடு ஆற இரண்டு நிமிஷம் ஐடிலில் ஓட வேண்டுமாம். வாட்சைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு. அண்ணி தரிசனம் முடித்து வந்து, ஜன்னல் வழியாக விபூதி பூசிவிட்டார்.

சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டில் வெள்ளை சியரா ஒன்று எஞ்சின் ஓட ஓரமாக நின்றால், பிரேக்டவுன் என்று நினைத்து உதவிக்குப் போய்விடாதீர்கள். பானெட்டைத் திறந்துவிடுவார். உங்கள் ஷிப்ட் போய்விடும்.