மாதப்பா பிறப்பதற்குள் மணி அடித்துவிடும்

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் எந்தப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் எட்டிப் பார்த்தாலும் இப்படி ஒருவர் முன்வரிசையில் இருப்பார். சட்டைப்பையில் இரண்டு பேனா, கையில் ரப்பர் பேண்ட் போட்ட குறிப்பட்டைக் கட்டு. வேலை தேடும் பையனாகவும் இருக்கலாம், வி.ஆர்.எஸ். வாங்கிய அதிகாரியாகவும் இருக்கலாம். கட்டு மட்டும் மாறாது.

"அஞ்சு நிமிஷம் பேசணும், மூணு ஆதாரமாவது வேணும்" என்பார் மிஸ். மற்றவர்கள் காதில் அஞ்சு நிமிஷம் விழும், இவர் காதில் ஆதாரம் விழும்.

தலைப்பு மைசூர்பாகு. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்து அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா செய்தது என்று கூகுளே சொல்லிவிடும். ஊரார் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் சயாஜிராவ் ரோட்டுக்குக் கிளம்பி, கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்து ஒரு ஸ்வீட் கடைக் கல்லாவில் நிற்பார். "மகாராஜா முதல் வில்லையை வாயில போட்டுட்டு என்ன சார் சொன்னார்?" "காலா, அரையா?" என்பார் கடைக்காரர். குறிப்பட்டையில் ஏறும்: நேர்காணல், ஒன்று.

சர்க்கரை விலை கேட்க தேவராஜ மார்க்கெட்டுக்குள் நுழைந்தவர் பூக்கடையில் மாட்டிக்கொள்வார். மைசூர் மல்லிகைக்கும், மைசூர் வெற்றிலைக்கும், நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு என்று தெரிந்துகொண்டுதான் வெளியே வருவார். பாகுக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்றால் "பின்னணி" என்பார்.

மிஸ் அவசரப்படுத்தினால் பதில் தயார். "தஞ்சாவூர்ப் பண்டிதர் ஒருத்தர் கொடுத்த அர்த்தசாஸ்திரச் சுவடியை நூலகர் சாமசாஸ்திரி இதே ஊர்ல கண்டெடுத்தது 1905-ல. அச்சுல வந்தது 1909-ல. அவருக்கே நாலு வருஷம் ஆச்சே மிஸ்!"

கடைசியில் ஒருநாள் மேடை ஏறுவார். 1399-ல் யதுராயரிலிருந்து ஆரம்பிப்பார். ஒவ்வொரு உடையாருக்கும் ஓர் அட்டை. மணி அடிக்கும்போது 1799, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்திருப்பார். நால்வடியார் பிறக்கவே இன்னும் 85 வருஷம் இருக்கிறது, மாதப்பா எங்கே அடுப்பு மூட்டுவது? உட்காரச் சொன்னால் "இன்னும் விஷயத்துக்கே வரலையே" என்பார். உண்மைதான்.

வகுப்பு முடிந்து கீழே காபி குடிக்கும்போது பார்க்க வேண்டும் இவரை. கட்டு பைக்குள் போயிருக்கும், கை இரண்டும் காற்றில். கம்பிப் பதம் வந்ததும் சலித்த கடலைமாவைத் தூவணும், பக்கத்து அடுப்பில நெய் காய்ஞ்சுக்கிட்டே இருக்கணும், ஒரு கரண்டி விட்டா சொர்ருனு நுரைக்கணும், அது அடங்கறதுக்குள்ள அடுத்த கரண்டி. ஓரம் விட்டு சுருண்டதும் தட்டுல கொட்டிடணும், மேலே அழுத்தக் கூடாது, அழுத்தினா ஓட்டை அடைஞ்சுடும்! டம்ளரைக் கீழே வைக்க மறந்து நாலைந்து பேர் நிற்பார்கள். மிஸ்ஸும்தான்.

"இதையே அங்க பேசியிருக்கலாமே சார்?"

"எங்கம்மா கிண்டறப்ப பார்த்தது மிஸ். இதுக்கு ஆதாரம்னு எதைக் காட்டுவேன்?"