'உண்மையான' உறவுகள்

கேள்வி: சாதிப் பெயரில் இயங்கும் வாட்ஸ்அப் குரூப்கள் மக்களை இணைக்கின்றனவா, பிரிக்கின்றனவா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: காலை ஏழு மணிவரை இணைக்கும். குட்மார்னிங் ரோஜாவுக்கு எதிரியே கிடையாது. ஏழரைக்கு யாராவது 'ஆண்ட பரம்பரை' வீடியோவை இறக்குவார். ராஜராஜ சோழன் எங்கள் ஆள் என்று கொண்டாடும் குரூப்கள் எத்தனையோ! பாவம், அவர் காலத்தில் சாதிச் சான்றிதழ் கொடுக்கத் தாசில்தார் இல்லை.

நல்லதும் நடக்கிறது. ஏழைப் பையனுக்கு காலேஜ் ஃபீஸ் சேர்கிறது, வரன் அமைகிறது, மறுக்கவில்லை. 'அவசரம், ஓ நெகட்டிவ் தேவை' என்று ஒரு மெசேஜ் வரும் பாருங்கள், அதில் மட்டும் 'நம்மவர் ரத்தமே வேண்டும்' என்று யாரும் போடுவதில்லை. எதிர்த்தரப்புக் குரூப்புக்கும் அது ஃபார்வர்டு ஆகும்!

பள்ளிப் பிள்ளைகள்தான் கவலை. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கலர் கயிறுக்குத் தடை வேண்டும் என்றது 2024-ல் நீதிபதி சந்துரு குழு அளித்த அறிக்கை. கயிற்றை வாத்தியார் கழற்றச் சொல்லலாம். டிபியில் இருக்கும் அதே கலரை யார் கழற்றுவது?

ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம். அதில் ஒரே ஒருவர், "நம்ம வீட்டுப் பொண்ணு வேற சாதியில கட்டிக்கிட்டா என்னங்க?" என்று கேட்கட்டும். அட்மின் அவரை உடனே தூக்கிவிடுவார். இவர் சும்மா இருப்பாரா? 'உண்மையான' என்று முன்னால் சேர்த்து, அதே பெயரில் புதுக் குரூப் தொடங்குவார். என் மாமா ஒருவர் இரண்டிலும் இருக்கிறார். இரண்டிலும் ரோஜா போடுகிறார்.